பழுப்புக் கடலின் சுவை

சுற்றுலா விளம்பரங்களில் கடல் என்றாலே நீலம்தான். கரீபியன் தீவு ஒன்றின் வெண்மணல், சாய்ந்த தென்னை, அடிமண் தெரியும் தண்ணீர் ஆகிய மூன்றும் ஒரு படத்தில் அமைந்துவிட்டால் போதும், விடுமுறைக்கே அதுதான் இலக்கணம் என்று மனம் ஒப்புக்கொள்கிறது. எங்கள் மலாக்காக் கடலுக்கு அந்த நிறம் கிடையாது. உஜோங் பாசிர் கரையில் நின்று பார்த்தால், காலையில் பால் கம்மியாக ஊற்றிய தேத்தண்ணீர் நிறம். நண்பகலில் அதில் ஒரு பச்சை ஏறும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மண்சிவப்பு கலக்கும். வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்து "அழுக்குத் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு மனம் வலிக்கும். அந்தப் பழுப்பைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு மலாக்கா கொடுப்பது ஏராளம்.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால் விஷயம் விளங்கும். கரீபியன் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் குறைவு என்பது. உயிர்களை வளர்க்கும் சத்து அங்கே மேல்தண்ணீரில் அதிகம் இல்லை. அந்த வெண்மணலிலும் நல்ல பங்கு பவளத்தின் தூள். பாறையைக் கடித்து அரைத்துக் கழிக்கும் கிளிமீன்களின் உழைப்பு அதில் உண்டு. மலாக்கா நீரிணை வேறு வகை. ஆழம் குறைவு. ஒரு பக்கம் சுமத்திராவின் ஆறுகள், மறுபக்கம் நம் ஆறுகள், இரண்டும் மலைமண்ணையும் காட்டுச் சருகின் சாறையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையோரத்துக் கண்டல் காடுகள் அதைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கடலுக்குக் கொடுக்கின்றன. அந்த நீலம் பட்டினிக் கடலின் அழகு. இந்தப் பழுப்பு சோறு போடும் கடலின் நிறம்.

சோறு போடுகிறது என்பதற்குச் சாட்சி கெராகாவ். அரிசியை விடச் சற்றே பெரிய, உடம்பு வழியே ஒளி ஊடுருவும் பொடி இறால். கருமிளகின் உடைந்த தூள் அளவுக்கு இரண்டு கண்கள். இதைப் பிடிக்கப் படகுகூட வேண்டாம். இரண்டு நீள மூங்கில் கழிகளைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கட்டி, நடுவில் கண் நெருங்கிய வலையை விரித்து, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். காலடியில் சேறு, முன்னால் வலை, அவ்வளவுதான் தொழில். உஜோங் பாசிரின் போர்த்துகீசியக் குடியிருப்பில் இந்த நடை தலைமுறை தலைமுறையாக வந்தது. இப்போது கரைக்கு முன்னால் கடலைத் தூர்த்து மண் மேடாக்கியதில் அந்த நடைக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது அங்குள்ள மீனவர்களின் ஆதங்கம். சேறு போனால் கெராகாவும் போகும். நிறம் மாறினால் ருசியும் மாறும்.

கெராகாவை உப்பும் ஆறிய சோறும் சேர்த்துப் பிசைந்து போத்தலில் அடைத்துச் சில நாள் விட்டால் சின்சாலோக். இதன் நிறத்தைக் கவனிக்க வேண்டும்: விடியலுக்கு முன் கீழ்வானத்தில் வரும் அந்த மங்கிய ரோஜா. சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சுடுசோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் நாக்கின் பின்பக்கம் ஓர் இனிப்பு. அந்தக் கடைசி இனிப்புக்காகக் காத்திருக்கத் தெரிந்தவரே மலாக்காச் சாப்பாட்டை அறிந்தவர்.

உஜோங் பாசிரின் போர்த்துகீசியக் குடியிருப்பு 1930களில் உருவானது. அங்கே வாழும் மக்களின் வேர் அதற்கும் நானூறு ஆண்டுகள் முந்தியது. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்கின் படை மலாக்காவைப் பிடித்தபின் வந்து தங்கியவர்களும் இங்குள்ள பெண்களும் சேர்ந்து உண்டாக்கிய குடும்பங்கள். ஆட்சி 1641இல் டச்சுக்காரரிடம் போனது, அப்புறம் ஆங்கிலேயரிடம் போனது. இவர்கள் போகவில்லை. கிறிஸ்தாங் என்ற தங்கள் மொழியையும், கிறிஸ்துமஸுக்குக் கடுகும் புளிக்காடியும் தூக்கலாகச் சமைக்கும் டெபால் கறியையும் வைத்துக்கொண்டார்கள். ஜூன் 29 அன்று சான் பெத்ரோ திருநாள். மீனவரின் காவலரான புனித பேதுருவுக்கு அன்று படகுகளுக்கெல்லாம் அலங்காரம். வண்ணத் தாளும் கொடியும் விளக்குமாகப் படகுகள் வரிசையில் நிற்க, பாதிரியார் ஒவ்வொன்றின் மேலும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். நம் ஆயுத பூசையில் வண்டிக்கும் கத்திக்கும் சந்தனம் வைக்கிற கைக்கு இந்தக் காட்சி உடனே புரிந்துவிடும். படகின் மூக்கில் கட்டிய பூவை விட என்னை அதிகம் நிறுத்தி வைப்பது, பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம் பூசிய தடம். பண்டிகைக்குப் பண்டிகை பூசிப் பூசி, உரிந்த இடத்தில் மூன்று நான்கு நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

எங்கள் செலண்டாரிலிருந்து இந்தக் கரைக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இருந்தும் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் கடல் தூரத்து உறவாகவே இருந்தது. பால்மரமும் பின்னால் செம்பனையும் சுற்றி நிற்க, தெளிவான காலையில் கிழக்கே குனோங் லேடாங் தெரியும். மேற்கே கடல் இருப்பது பாடப் புத்தகத்தில்தான். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவோம். வெள்ளி ரதத்தைப் பார்ப்போம். வளையல் வாங்கித் திரும்புவோம். பட்டணத்தின் பழைய தெருக்களை நின்று பார்க்க நேரம் இருந்ததில்லை. இப்போது பார்க்கும்போதுதான், இவ்வளவும் நமக்குப் பக்கத்திலேயே இருந்ததா என்று வியப்பு வருகிறது.

தென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நாம் அறிந்த தென்னம்பாளை கள்ளுக்கடைக்குப் போனது. அதே பாளை, அதே சீவல், அதே சொட்டு. பக்கத்து மலாய்க் கம்பத்தில் அது புளிக்கும் முன்பே அடுப்பேறியது. பெரிய கவாலியில் மணிக்கணக்காகக் கிண்டிக் கிண்டி, நுரை பொன்னாகி, பொன் பழுப்பாகி, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது மூங்கில் துண்டுகளில் ஊற்றிவிடுவார்கள். ஆறியதும் தட்டினால் உருளையாக வெளியே வரும். மூங்கிலின் உள்வரி அதன் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். இதுதான் குலா மலாக்கா. நல்ல கட்டியை உடைத்தால் உள்ளே ஈரம் கசிய வேண்டும், விறகுப்புகை வாசம் இருக்க வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் அதில் சீனி கலந்திருக்கிறது. செண்டோல் கிண்ணத்தில் இந்தப் பாகு தேங்காய்ப்பாலின் வெண்மைக்குள் இறங்குவதைக் கலக்குவதற்கு முன் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைப் போட வேண்டும் என்பேன். பாண்டான் இலைச்சாறு ஊறிய பச்சை இழைகள், நொறுக்கிய ஐஸ், அதன் நடுவே கரும்பழுப்பு ஓடை. அவசரமாகக் கலக்கினால் ருசி கெடாது, காட்சி கெட்டுவிடும்.

பழைய பட்டணத்தில் எனக்குப் பிடித்தது பொற்கொல்லர் தெரு, ஜாலான் துக்காங் எமாஸ். 1781இல் தெய்வநாயகம் செட்டி கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இங்கே இருக்கிறது. நிலம் டச்சு அரசு கொடுத்தது. சில அடி தள்ளி 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசல். அதே வரிசையில் சற்றுத் தள்ளிச் சீனரின் செங் ஹூன் தெங் கோயில். மூன்றையும் சேர்த்துப் படம் எடுத்து, ஒற்றுமைத் தெரு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். படத்தில் விழாதது பள்ளிவாசலில் இருக்கிறது. கூரை குவிமாடம் அல்ல, மூன்றடுக்காக ஏறும் சுமத்திரா வகை ஓட்டுக்கூரை. பாங்கு சொல்லும் கோபுரம் தனியாக, சீனப் பகோடாவின் சாயலில் நிற்கிறது. உள்ளே தூண்களின் தலைப்பு கிரேக்கக் கொரிந்தியப் பாணி. தொங்குவது விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. சுவரிலும் தரையிலும் பதித்திருப்பவை இங்கிலாந்து, போர்த்துகீசிய ஓடுகள். மரத்தாலான பிரசங்க மேடையில் இந்துக் கோயில் தச்சனின் கொடியும் சீனத் தச்சனின் பூவும் ஒரே பலகையில் ஓடுகின்றன. எந்த இடத்தில் ஒரு கை முடிந்து மற்றொரு கை தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போவதே ஓர் இன்பம். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு இப்படிச் சேர்க்கவில்லை. கையில் கிடைத்த கைவினைஞனை வைத்து, கப்பலில் வந்த பொருளை வைத்து, அழகாக இருக்கட்டும் என்று கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஓர் ஊரில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் காற்று. வடகிழக்குப் பருவக் காற்றில் சீனக் கப்பல்கள் இறங்கி வரும். திரும்பிப் போகத் தென்மேற்குக் காற்று வேண்டும். மேற்கிலிருந்து வருபவர்களுக்கு அது அப்படியே நேர்மாறு. ஆக எல்லாரும் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊராக மலாக்கா ஆனது. 1512 வாக்கில் இங்கே இருந்த தோமே பீரெஸ் என்ற போர்த்துகீசியர் இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதிவைத்தார். காத்திருந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள், சமைத்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். அப்படிச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து காத்திருந்து, பிறகு திரும்பிப் போகாமலே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்காச் செட்டிகள்.

காஜா பெராங்கில் இருக்கும் கம்போங் செட்டிக்குள் நுழையும்போது ஒரு தோட்டத்துத் தமிழனுக்கு உண்டாகும் உணர்வை எப்படிச் சொல்வது! வாசல் நிலையில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி மாடம், விளக்கு, திருநீறு. பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாட்சி. வாயைத் திறந்தால் மலாய். பாட்டிமார் உடுத்துவது கெபாயாவும் பத்தேக் சாரமும். முன்பக்கம் பொத்தான் இல்லை, சங்கிலியால் கோத்த மூன்று கெரோசாங் ஊசிகள் அதைப் பிடித்திருக்கும். முத்து மாரியம்மன் கோயில் 1822இல் எழுந்தது. அம்மனுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் டத்தோ சாச்சார் திருவிழாவில் அவர்களின் வேண்டுதலும் காவடியும் நம் வேண்டுதலும் காவடியும் ஒன்றே. பொங்கலுக்கு முதல்நாள் போகிப் பார்ச்சு. பழக்காலத்தில் இன்னொரு பார்ச்சு. முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைப்பது. இலையில் விழுவதுதான் என்னை மெய்மறக்க வைத்தது: நாசி லெமாக், சம்பால், பிண்டாங் மீன், மலாய்ப் பலகாரங்கள், பக்கத்தில் டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும். பண்டம் எல்லாம் இந்த மண்ணுடையது. இலையை எந்தப் பக்கம் நுனி வைத்துப் போடுவது, யாருக்கு முதலில் படைப்பது என்ற கவனம் மட்டும் கடல் கடந்து வந்தது. மொழி போனபின்னும் கை மறக்கவில்லை.

இதே கதை உலகத்தின் மறுகோடியில், அந்த நீலக் கடலின் நடுவிலும் நடந்திருக்கிறது. கரீபியனில் பிரெஞ்சுக்காரர் வசமுள்ள குவாதலூப் தீவில் 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாக. கரும்புத் தோட்டம், ஒப்பந்தம், லயம். நமக்குப் பழக்கமான வாழ்க்கை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். கப்பெஸ்தேர் ஊரின் சாங்கி பகுதியில் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது; அங்கே கும்பிடுவது மாரியம்மனை, பெயர் மட்டும் அவர்கள் நாக்கில் மாலியேமென் ஆகிவிட்டது. தீவின் எல்லா வீட்டிலும், எந்த இனத்தார் ஆனாலும், கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு சேர்த்து இடித்த கொலம்போ தூள் இல்லாமல் கறி இல்லை.

எனக்கு அந்தத் தீவையும் மலாக்காவையும் கட்டி இழுப்பது ஒரு துணி. பழவேற்காட்டையும் சென்னையையும் சுற்றிய ஊர்களில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி இரண்டு பக்கமும் போனது. கிழக்கே வந்தது பெலேக்காட் கைலி ஆகி, மலாய்க்காரர் தொழுகைக்கு உடுத்துகிறார்கள், நம் தாத்தாக்கள் வேலை முடிந்து குளித்தபின் உடுத்தினார்கள். மேற்கே போனது மெட்ராஸ் என்ற பெயரில் கிரியோல் பெண்களின் தலைத்துணி ஆனது. அதை முடிந்து நிறுத்தும் முனைகளின் எண்ணிக்கையில் அந்தப் பெண்ணின் மனம் யாருக்கும் சொந்தமா இல்லையா என்று சொல்லிவிடும் வழக்கம்கூட அங்கே வளர்ந்தது. கரீபியனின் செயின்ட் லூசியாவில் அந்தத் துணியில் தைத்ததே தேசிய உடை. மஞ்சளும் சிவப்பும் அங்கே தூக்கல். இங்கே பச்சை, கத்தரிநீலம், பழுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே வித்தை: பாவு நூலின் நிறமும் ஊடை நூலின் நிறமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சாயத்தொட்டியில் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கிறது. இந்தக் கட்டங்களைத் தறியில் எண்ணிப் போட்ட நெசவாளிக்கு மலாக்காவும் தெரியாது, குவாதலூப்பும் தெரியாது.

மீண்டும் மலாக்காவுக்கு வந்தால், இங்கே வேரூன்றிய சீனரான பாபாக்களின் வீடுகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஜாலான் துன் தான் செங் லோக்கின் ஒடுங்கிய முகப்பும் நீண்டு போகும் உடம்பும், நடுவில் மழை நேராக உள்ளே விழும் முற்றமும், மணி மணியாகக் கோத்துத் தைத்த நோன்யா செருப்பும் பார்க்க வேண்டியவைதான். என்னால் அவற்றைச் சும்மா ரசிக்க முடிவதில்லை. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை வைத்தவர் தான் சாய் யான் என்ற மலாக்கா பாபா. அவருடைய அடுத்த பெரிய தோட்டம் புக்கிட் அசஹான், எங்கள் ஜாசின் மாவட்டத்தில். பட்டணத்துச் செல்வத்தில் பால்வாளி தூக்கியவர்களின் பங்கு கொஞ்சமல்ல. விடியற்காலைப் பனியில் மரத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கோடு இழுத்த கத்தியின் நேர்த்தி, பட்டை போக வேண்டும், உள்மரம் காயப்படக்கூடாது என்ற அந்த நூலளவு கணக்கு, எந்த மணிவேலைக்கும் குறைந்ததில்லை. அதற்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும் யாரும் வைக்கவில்லை. நாம்தான் பாராட்ட வேண்டும்.

மணலில் கால் நீட்டி உட்கார வேண்டும் என்றால் வடக்கே மஸ்ஜித் தானா பக்கம் போகலாம். தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக். இங்கே மணல் வெளிர்மஞ்சள், பருக்கை. உள்ளங்கையில் அள்ளினால் சிப்பித் துகள்கள் மினுங்கும். பக்கத்துப் பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை மிகுதியாக முட்டையிடும் கரை மலாக்காவினுடையது. மே முதல் ஆகஸ்ட் வரை அதன் உச்சம். கிளிமூக்கு. ஓடு மேல் ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த முதுகுத் தகடுகள். அந்தத் தகட்டின் தேன்நிறத்துக்கும் கருஞ்சிவப்புத் தெறிப்புக்கும் ஆசைப்பட்டுச் சீப்பும் கொண்டையூசியும் செய்தே இந்த இனத்தை உலகம் முழுதும் அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை. மணலின் சூடு கூடினால் குஞ்சு பெண், குறைந்தால் ஆண். இதே ஆமை கரீபியன் பவளப் பாறைகளிலும் கடற்பஞ்சைக் கொத்தித் தின்று வாழ்கிறது. அதற்கு நீலத் தண்ணீர், பழுப்புத் தண்ணீர் என்ற பேதம் இல்லை.

நேரம் இருப்பவர்கள் இன்னும் வடக்கே ஏறித் தஞ்சோங் துவானுக்குப் போய்விட வேண்டும். நெகிரி செம்பிலானுக்குள் தனியாகக் கிடக்கும் மலாக்காவின் துண்டு அது. காட்டு முனை, மேலே பழைய வெளிச்சவீடு. சுமத்திராப் பக்கத்து ரூப்பாட் தீவு இங்கிருந்து சுமார் 38 கிலோமீட்டர்தான். மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வழி இது. நிலத்தின் மேல் எழும் சூடான காற்றில் இறகை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது அவற்றின் பயணமுறை. கடலின் மேல் அந்தக் காற்று எழுவதில்லை. அதனால் 38 கிலோமீட்டரும் சிறகடித்தே வர வேண்டும். கரையைத் தொடும்போது களைத்துத் தாழப் பறக்கும். அப்போது அடிச்சிறகின் பட்டை, வால் கோடு, கழுத்தின் மெலிவு எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒன்றுக்கொன்று நிறம் மாறும். வெள்ளைக்கு நெருங்கியதும் உண்டு, அட்டைக்கரியும் உண்டு. காட்டின் மேல் வெப்பக் காற்று கிடைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று ஏறி மேகத்துக்குள் போய்விடும். வெயில் ஏறிய பிறகே வரத்து கூடும். ஆகவே தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் மேடேறிவிடுங்கள். திரும்பும் வழியில் அசாம் பெடாஸ் கடை எதிலாவது திருக்கை மீன் கேட்டு வாங்குங்கள். குழம்பில் கெசும் இலை போட்டிருக்கிறார்களா என்று முதலில் மோந்து பார்த்துக்கொள்ளுங்கள்.